ஆரோன் வம்சத்துப் பொண்ணு

ரூபிக்கு ஏழாம் மாதம் முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது. அதற்குள் அவள் மலை ஏறிவிட வேண்டும். எட்டு பிறந்துவிட்டால் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை இருபது கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸில் உருட்டிக்கொண்டு வர எந்த வீட்டிலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். சர்ச் சபைக்காரர்களுக்கும் அப்படித்தான், சேர்வராயன் கோயிலில் பொங்கல் வைக்கிறவர்களுக்கும் அப்படித்தான், ரூபி வாக்கப்பட்டுப்போன சேலம் கோட்டை பாய் வீட்டிலும் அப்படித்தான். சிக்கல் என்னவென்றால், வாழவந்தியில் இருக்கிற அந்தத் தாய் மகளின் பேரை வாயால் சொல்லியே பதினாலு மாதம் ஆகியிருந்தது.

"கேட்டியா அபி?" தினமும் காலையில் ரூபியின் குரல் போனில் வந்து விழும்.

"இன்னிக்குக் கேக்கறேன்க்கா." தங்கை அபிஷாவும் தினமும் இதையேதான் பேசி அனுப்புவாள்.

கொட்டச்சேட்டுக்கு மேலே, அவர்கள் பழம் பறிக்கப் போகிற காப்பி எஸ்டேட்டில் ஒரே ஒரு பாறைமேல்தான் சிக்னல் கிடைக்கும். அபிஷா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அதன்மேல் ஏறி இறங்குவாள். பி.ஏ. வரலாறு முடித்து ஒரு வருசம். அடுத்து என்ன என்று தெரியவில்லை. சும்மா உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் விரல் எதையாவது கிள்ளும். பழ சீசன் தொடங்கியதும் அம்மா அற்புதம் அவளையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அப்பா தேவசிகாமணிக்கு அதே எஸ்டேட்டில் பழத்தைத் தோலுரிக்கிற மிஷினில் வேலை. வீட்டில் மூன்று பேர். மூன்று பேர் மேலும் காப்பிப்பழம் புளித்த வாசனை. யாரும் யாரிடமும் ரூபியைப் பற்றிப் பேசுவதில்லை. தேவசிகாமணியிடம் கேட்டால், "உங்கொம்மாளக் கேட்டுக்க சாமி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

அன்றைக்குப் புதன்கிழமை. மேகம் இறங்கி, சில்வர் ஓக் மரங்கள் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தன. இலையில் தேங்கிய தண்ணீர் கிளையைத் தொட்டாலே கழுத்துக்குள் கொட்டியது. ரூபியின் குரல் அன்றைக்கு நீளமாக வந்திருந்தது. அவர்கள் தெருவில் வெள்ளிக்கிழமை மத்தியானம் பெண்களுக்கு ஒரு வகுப்பு நடக்கும். அங்கே சஃபிய்யா என்று ஒரு பெண்ணின் கதையைச் சொன்னார்களாம். யூதப் பெண். நபியவர்களைக் கல்யாணம் செய்துகொண்டு இஸ்லாத்துக்கு வந்தவர். "எங்க நாத்தனா தாஹிரா சொல்லுது அபி, ஞாயித்துக்கெழமையானா எம் மொகமே மாறிப்போகுதாம். சர்ச்சு மணி கேட்டா ஜன்னல்கிட்டப் போயி நிக்கறனாம். அந்தக் கதையக் கேட்டப்ப எனக்கு ஓன்னு அழுகை வந்துருச்சு. எல்லாரும் என்னையவே பாத்தாங்க."

அபிஷா அதை மூன்று தடவை கேட்டாள். பிறகு பாறையிலிருந்து குதித்து ஓடினாள். கேட்பதற்கு ஒரு வழி கிடைத்த மாதிரி இருந்தது.

"அம்மா, ஒரு கத சொல்லட்டுமா?"

"மொதல்ல கையி ஓடட்டும், அப்பறம் வாயி ஓடட்டும். பச்சக்காயெல்லாம் உருவி வெச்சிருக்கற பாரு. மேஸ்திரி பாத்தா உன்னைய உருவிப்போடுவாரு."

"சொல்லு கண்ணு" என்றாள் பக்கத்து வரிசையில் வீராயி. சிவப்பு எறும்பு கடித்த கையைத் தேய்த்துக்கொண்டே பறிக்கிறவள். "உங்கொம்மா மொகத்தையே பாத்துப் பாத்து எனக்குப் பழத்தத் தொட்டாலும் கசக்குது."

"ஒரு ஊரு. கோட்டை கோட்டையா இருக்கும். சுத்தியும் பேரீச்சந்தோப்பு. ஆரோன் வம்சத்து ஜனங்க. அவங்க தலைவருக்கு ஒரு பொண்ணு, நொம்பச் செல்லம்."

அற்புதம் தலையைத் தூக்கினாள். "எந்த ஆரோன்? மோசேக்கு அண்ணன் ஆரோனா?"

"அவருதான்."

"ம்."

அந்த "ம்"மிலேயே இது வேதத்துக் கதை இல்லை என்று அபிஷா சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பழம் பைக்குள் விழுகிற சத்தத்தோடு கதையும் போய்க்கொண்டே இருந்தது.

"ஒருநா அந்தப் பொண்ணு கனாக் கண்டுச்சு. வானத்துல இருந்து நெலா எறங்கி வந்து மடியில உழுந்த மாதிரி. புருசங்கிட்டப் போயிச் சொன்னா. அவன் சுள்ளுனு ஒரு அறை விட்டான். எதிராளிங்களோட தலைவருக்கு ஆசப்படறியான்னு."

"கனாக் கண்டதுக்கா அறைஞ்சான்?" வீராயி இடுப்பில் கையை வைத்தாள். "என்ற ஊட்டுக்காரன் பரவால்ல போல. நான் கனாக் காணாமயே அறைவான்."

வரிசை முழுக்கச் சிரிப்பு. அற்புதம்கூட உதட்டை மடக்கிக்கொண்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள். பதினாலு மாதத்தில் அவள் உதடு இப்படி மடங்கி அபிஷா பார்க்கவில்லை.

வியாழக்கிழமை அற்புதமே கேட்டாள். "அப்பறம் அந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சு?"

"சண்டை வந்துருச்சும்மா. அப்பா முன்னாடியே ஒரு சண்டையில செத்துட்டாரு. இதுல புருசனும் போயிட்டான். கோட்டையெல்லாம் உழுந்துருச்சு. ஜெயிச்சவங்களோட தலைவரு அவளை விடுதல பண்ணிக் கண்ணாலம் கட்டிக்கிட்டாரு."

"அவ சரின்னாளா?"

"சரின்னுட்டாளாம்."

அற்புதம் ஒரு கிளையை வளைத்துப் பிடித்தபடியே நின்றாள். "சொல்றவங்க சொல்லுவாங்க. தாய் தகப்பன் சனம் ஒரு பக்கம், வாக்கப்பட்ட ஊடு ஒரு பக்கம். ராத்திரி அந்தப் புள்ள எந்தப் பக்கம் திரும்பிப் படுத்துச்சோ."

அபிஷா பறிப்பதை நிறுத்தினாள். இப்போது கேட்டுவிடலாமா? வாயைத் திறப்பதற்குள் காளியப்பன் மேஸ்திரி விசில் ஊதினார். பழம் அளக்க எல்லோரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாடு. களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். தூறல் விழ, படுதாவை நாலு செடிமேல் இழுத்துக் கட்டி அதற்கடியில் ஆறு பெண்கள் ஒண்டியிருந்தார்கள். கதையில் சக்களத்திகள் வந்துவிட்டார்கள்.

"வேத்து சாதிக்காரி, வேத்து சாதிக்காரின்னு குத்திக் குத்திப் பேசுவாங்களாம். இவ போயி ஊட்டுக்காரர்கிட்ட அழுதா. அவரு சொன்னாரு, 'இதுக்கா அழுகற? ஆரோன் எந் தகப்பன், மோசே எஞ் சித்தப்பன்னு சொல்லு'ன்னு."

அதில் மூன்றாவதாக ஒரு பேர் உண்டு. அபிஷா அதைக் களியோடு சேர்த்து விழுங்கிவிட்டாள்.

"அடி சக்கை" என்றாள் வீராயி. "அப்பிடிப் புருசன் கெடைக்கணுமே."

"அவரு செத்துப் பல வருசம் ஆச்சு. இவ ஊட்டு வேலைக்காரி ஒருத்தி போயி ராஜாவாட்டம் இருந்த பெரியவர்கிட்டக் கோள் சொல்லிட்டா. 'இவ இன்னும் பழைய சனிக்கெழம ஓய்வுநாள் மேலதான் ஆசையா இருக்கறா, அந்தச் சனத்தோடதான் பொழங்கறா'ன்னு. கூப்புட்டுக் கேட்டாங்க. அவ சொன்னா, 'ஓய்வுநாள நான் உட்டு நாளாச்சு. எனக்கு வேற நாள் கெடைச்சிருச்சு. ஆனா சொந்தபந்தம் எனக்கு அங்க இருக்குது. அதை நான் உடமாட்டேன்.'"

படுதாமேல் தூறல் சடசடத்தது. அற்புதம் கையிலிருந்த களி உருண்டையைக் குழம்பில் தொடாமல் அப்படியே வைத்திருந்தாள்.

"உடமாட்டேன்னுட்டாளா?"

"ஆமா."

"நேரா நின்னு?"

"நேரா நின்னு."

அற்புதம் களியை விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள். பையை இடுப்பில் கட்டிக்கொண்டு தூறலில் இறங்கிவிட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் சபைப் பெண்கள் கூட்டம். ஒவ்வொரு வாரமும் ஒருத்தர் வீட்டில் நடக்கும். வேதத்தில் வருகிற ஒரு பெண்ணைப் பற்றி முறை வைத்து ஒருத்தர் எழுந்து பேச வேண்டும். அற்புதத்தின் முறை வரும்போதெல்லாம் தொண்டை கட்டிவிடும், இல்லாவிட்டால் கோழி காணாமல் போய்விடும். அன்றைக்கு அவளாகவே எழுந்து நின்றாள். தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். பின்னால் டம்ளர் அடுக்கிக்கொண்டிருந்த அபிஷாவுக்கு, அம்மா முதல் வாக்கியம் சொன்னதுமே கை நின்றுவிட்டது.

"ஆரோன் வம்சத்துல ஒரு பொண்ணு இருந்தா."

அற்புதம் சொன்னாள். அபிஷா சொன்னதைவிட நன்றாகவே சொன்னாள். பேரீச்சந்தோப்பு காப்பிக்காடு மாதிரி இறக்கத்தில் இறங்கியது. கோட்டையில் பனி இருந்தது. அறை வாங்கிய கன்னத்தில் அஞ்சு விரலும் பதிந்திருந்தது. கடைசியில், "சொந்தபந்தம் எனக்கு அங்க இருக்குது, அதை உடமாட்டேன்" என்றபோது அவள் குரல் உடைந்தது. "இந்த வார்த்தைய நானு நேத்துலருந்து மென்னுக்கிட்டே இருக்கறேன். நம்ம பேசாம இருந்துட்டா மட்டும் சொந்தம் இல்லாமப் போயிருதா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். போதகரின் மனைவி செல்வமேரியை அங்கே எல்லோரும் ஐயரம்மா என்பார்கள். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேதத்தைத் திறந்தார். "நல்ல சாட்சி அற்புதம். எந்தப் புஸ்தகம், எத்தனாவது அதிகாரம்னு சொன்னா எல்லாரும் சேந்து வாசிச்சரலாம்."

அற்புதம் திரும்பி மகளைப் பார்த்தாள்.

"நியாயாதிபதிகள்ல இருக்கும்ங்க ஐயரம்மா" என்றாள் ஒருத்தி.

"இல்லீங்க, ராஜாக்கள் ரெண்டாம் புஸ்தகம். நான் வாசிச்சிருக்கறேன். நெலாக் கனா வரும்."

"அது யோசேப்பு கண்ட கனாங்க."

பக்கம் புரட்டும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. சத்தம் நிற்கிற மாதிரித் தெரியவில்லை. செல்வமேரி கண்ணாடிக்கு மேலாக அபிஷாவைப் பார்த்தார். "அவ ஊட்டுக்காரர் பேரு என்ன கண்ணு? பேரு தெரிஞ்சாக் கண்டுபுடிச்சரலாம்."

அபிஷா டம்ளரைக் கீழே வைத்தாள். "வேதத்துல இல்லீங்க. அது சஃபிய்யா. கட்டிக்கிட்டது முகமது நபியவங்க. 'ஆரோன் எந் தகப்பன், மோசே எஞ் சித்தப்பன், முகமது எம் புருசன்னு சொல்லு'ன்னு அவருதான் சொல்லிக்குடுத்தாரு. நாந்தான் அம்மாகிட்ட மறைச்சுட்டேன். அம்மா மேல தப்பு இல்லீங்க."

பக்கம் புரட்டும் சத்தம் நின்றது. செல்வமேரி வேதத்தை மெதுவாக மூடி, "சரி, ஜெபம் பண்ணலாம்" என்றார். ஆமென் சொன்னதும் முதல் ஆளாகச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டது அற்புதம்தான்.

வீட்டுக்குப் போகிற வழியில் அபிஷா பின்னாலேயே ஓடினாள். "அம்மா. அம்மா, நில்லும்மா."

"அத்தன பேரு மத்தியில என்னையக் கூத்தாடியாக்கிட்டயேடி."

"நீ கேட்டிருக்க மாட்டீன்னுதான்..."

"கேட்டிருக்க மாட்டேன். ஆமா, கேட்டிருக்க மாட்டேன். அவ அனுப்புனாளா உன்னைய? அக்காளும் தங்கச்சியும் கூட்டுச் சேந்து என்ற வாயாலயே சொல்ல வெச்சிட்டீங்களா?"

"அக்காளுக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. அவளுக்கு நான் சொன்னதுகூடத் தெரியாது."

அற்புதம் திரும்பிப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபைக்கும் போகவில்லை. முறத்தில் மிளகைக் கொட்டிப் புடைத்தாள், புடைத்ததையே மறுபடி புடைத்தாள். தேவசிகாமணி வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்து பார்த்துவிட்டு மகளிடம் வந்தார். "என்னத்த சாமி பண்ணி வெச்ச? போற பக்கமெல்லாம் கேக்கறாங்க." அபிஷா கணக்குப் போட்டாள். இன்னும் ஏழு நாள்.

திங்கட்கிழமை அற்புதம் மகளோடு ஒரே வரிசையில் பறிக்கவில்லை. வீராயியை நடுவில் விட்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். விஷயம் எஸ்டேட் முழுக்கப் பரவியிருந்தது.

"ஏனுங்க அற்புதக்கா" என்றாள் வீராயி, கை நிற்காமல். "மூணு நாளு நானுந்தான் கத கேட்டேன். அந்தப் புள்ள எந்தச் சாமி கும்புட்டுச்சுன்னு எனக்குக் கேக்கத் தோணவே இல்ல பாருங்க. எங்க ஊருக் கத மாதிரியே இருந்துச்சு. என்ற அக்கா மவ சங்ககிரிக்கு வாக்கப்பட்டுப் போனப்பவும் இப்பிடித்தான் குத்துனாங்க, மலைக்காரி மலைக்காரின்னு."

அற்புதம் பறித்துக்கொண்டே போனாள். அரை வரிசை போயிருக்கும். செடிகளுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. யாரைப் பார்த்தும் இல்லை.

"கடசியில என்ன ஆச்சு அவளுக்கு?"

அபிஷா சட்டென்று நிமிர்ந்ததில் பையிலிருந்து பழம் சிதறியது. "வயசாகிச் செத்துட்டாம்மா. சாகறப்ப அவ சொத்துல மூணுல ஒரு பங்க அக்கா தங்கச்சி மகன் ஒருத்தனுக்கு எழுதி வெச்சா. அவன் யூதனாவே இருந்தவன். அவனுக்கு எப்பிடித் தர்றதுன்னு சனம் தடுத்துச்சாம். சக்களத்தி ஒருத்திதான் ஆள் அனுப்பி, அவ எழுதுனபடி குடுங்கன்னு சொன்னாளாம்."

"பரவால்ல அந்தச் சக்களத்தி" என்றாள் வீராயி.

"அதில்லடி." அற்புதம் செடியை விலக்கிக்கொண்டு முகத்தைக் காட்டினாள். "அவளுக்கு அம்மான்னு ஒருத்தி இருந்தாளா இல்லையா?"

அபிஷா முழித்தாள். அப்பன், புருஷன், சக்களத்தி, வேலைக்காரி எல்லோரும் கதையில் இருந்தார்கள். அம்மாவை அவள் யோசிக்கவே இல்லை. பையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, அக்காவிடம் கேட்கப் பாறைக்கு ஓடினாள். சிக்னல் வந்து வந்து போயிற்று. பத்து நிமிசம் கழித்து மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

"பேரு பர்ரா. வகுப்புல அவ்வளவுதான் சொன்னாங்களாம்."

"பேரு மட்டுந்தானா?"

"ஆமாம்மா."

"பொண்ணக் கூட்டீட்டுப் போனாங்களே, அன்னிக்கு அவ உசுரோட இருந்தாளா? இருந்தா எங்க நின்னா? அப்பறமா ஒருநா, ஒரே ஒருநா, போயி எட்டிப் பாத்தாளா?"

"தெரியலம்மா."

"போயிருந்தா எவராச்சும் எழுதி வெச்சிருப்பாங்கல்ல."

வீராயி ஒரு கொத்துப் பழத்தை ஒரே உருவாக உருவினாள். "பொம்பள போயி மகளை எட்டிப் பாத்ததையெல்லாம் எவன் குந்தி எழுதுவான்? போனாலும் எழுத மாட்டான், போகாட்டியும் எழுத மாட்டான். அவளுக்கும் மகளுக்கும் தெரிஞ்சா ஆச்சு."

அற்புதம் வெகுநேரம் அந்தச் செடியை விட்டு நகரவே இல்லை. பழமெல்லாம் பறித்து முடிந்த செடி அது.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் எஸ்டேட் சேலையைக் கட்டவில்லை. பெட்டியிலிருந்து பச்சைச் சேலையை எடுத்திருந்தாள். "எந்திரிடி. ஏழு மணி பஸ்ஸு போயிரும். ஊடு எனக்குத் தெரியாது, நீதான் காட்டணும். மலையேத்திக் கூட்டியாந்தரலாம்."

தேவசிகாமணி பல் தேய்த்தபடியே வாசலில் நின்றார். வாயில் நுரையோடு ஏதோ கேட்க வந்தவர், கேட்காமல் திரும்பி நின்று வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தார்.

சேலம் கோட்டையில் ரூபியின் தெரு குறுகலாக இருந்தது. மூன்றாவது வீடு. கதவைத் திறந்தது ரூபியின் நாத்தனார் தாஹிரா. தலையில் துப்பட்டா, கையில் கரண்டி. அபிஷாவையும் அவளுக்குப் பின்னால் நிற்கிற பச்சைச் சேலையையும் பார்த்தாள். அற்புதம் பஸ்ஸில் வரும்போது, தாஹிரா பேசியதையெல்லாம் அபிஷா வாயால் கேட்டு என்னென்னவோ தயார் செய்து வைத்திருந்தாள். வாயில் எதுவும் வரவில்லை.

தாஹிராதான் உள்ளே திரும்பிக் கத்தினாள். "ரூபி! ஏ ரூபி! உங்கம்மா வந்திருக்காங்க!"

அற்புதத்தின் முகம் ஒரு மாதிரி ஆனது. "ரூபின்னுதான் கூப்புடறீங்களா?"

"வேற எப்படிக் கூப்பிடறது? நிக்காஹ்ல வெச்ச பேரு கடுதாசில இருக்கு. கூப்பிட்டாத் திரும்பணும்ல? வாங்கம்மா, வெயில்ல நிக்காதீங்க."

ரூபி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அற்புதம் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்க்கவில்லை. பாதத்தைப் பார்த்தாள். ரெண்டு பாதமும் பன்னு மாதிரி வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் பள்ளமாக இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஒரு காலை எடுத்து மடியில் வைத்துக் கட்டைவிரலால் அமுக்கினாள். குழி விழுந்தது. மேலே வரவே இல்லை.

"எத்தன நாளா இப்பிடி?"

"பத்து நாளும்மா." ரூபி காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"பத்து நாளா! நெதமும் போன்ல பேசறாளுக ரெண்டு பேரும். இத எவளும் சொல்லல."

"பிரசர் இருக்குன்னு நேத்துதான் சொன்னாங்கம்மா" என்றாள் தாஹிரா. "படுத்தே இருக்கணுமாம். பஸ்ஸு, மலை எதுவும் கூடாதுன்னுட்டாங்க. நான் சொன்னாக் கேக்கறாளா? பையைக் கட்டி வெச்சிட்டு ஜன்னல்கிட்டயே நிக்கறா, எங்கம்மா கூப்பிடுவாங்கன்னு. நான் ரெண்டு பேச்சுப் பேசிட்டேன், அதையும் சொல்லிர்றேன். எனக்கு மனசுல வெச்சுக்கத் தெரியாது."

"பேசுனது காதுக்கு வந்துச்சுங்க" என்றாள் அற்புதம், மகளின் காலைத் தேய்த்துக்கொண்டே.

"வந்துச்சா?" தாஹிரா ரூபியைப் பார்த்தாள். ரூபி அபிஷாவைப் பார்த்தாள். அபிஷா மின்விசிறியைப் பார்த்தாள்.

"மலைக்கும் ஏத்தக்கூடாதுன்னா நான் எங்கீங்க போறது?" அற்புதம் கேட்டது யாரிடம் என்று தெரியவில்லை. பிறகு கையை நீட்டினாள். "போனக் குடு."

பாறைமேலேயே காத்திருந்தவர் மாதிரி தேவசிகாமணி முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் தூரத்தில் மிஷின் ஓடுகிற சத்தம்.

"ஏனுங்க, நான் வரலீங்க. புள்ள பொறந்தாத்தான் வருவேன். அபியச் சாயங்கால பஸ்ஸுக்கு ஏத்தி உடறேன். கோழிய அடைங்க."

"சம்மந்தி ஊட்டுலயா? பொண்ணக் குடுத்த ஊட்டுல போயி யாராச்சும்..." அவர் குரல் தேய்ந்தது. "சபையில கேட்டா என்னன்னு சொல்றது அற்புதம்?"

"மகளைப் பாக்கப் போயிருக்கறான்னு சொல்லுங்க. அதிகாரம் கேட்டா, தெரியலன்னு சொல்லுங்க."

"ரூபிகிட்டக் குடு" என்றார் அவர்.

போன் ரூபியின் காதுக்குப் போனது. அவள் "அப்பா" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கமும் ஒன்றும் சொல்கிற மாதிரித் தெரியவில்லை. இரண்டு பேரும் வைக்கவும் இல்லை.

அற்புதம் எழுந்து முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகினாள். "பார்லி அரிசி இருக்குதுங்களா? கஞ்சித் தண்ணி வெச்சுக் குடுத்தா நீர் எறங்கும். அப்பிடியே பூண்டு தட்டிப்போட்டு ஒரு ரசம் வெக்கறேன். உப்பில்லாமத்தான்."

"நீங்க உக்காருங்கம்மா, வந்ததும் வராததுமா..." தாஹிரா பின்னாலேயே ஓடினாள். அற்புதம் அதற்குள் அடுப்படிக்குள் போய்விட்டாள். டப்பா திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம், இன்னொரு டப்பா. அபிஷா அக்காவைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தாள். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"ஏனுங்க, இதையா மொளகுன்னு வித்தான்? நொம்பப் பதரு. தண்ணியில போட்டா மெதக்கும். அடுத்த வாட்டி வர்றப்ப எங்க மொளகு ரெண்டு படி கொண்டாறேன்."